பின்வாசலைப் பார்த்த ஏழாம் நம்பர்

பட்டினப்பாக்கம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜான்சன் அண்ணா,

நீல அணியின் ஏழாம் நம்பர் பையன் ஃப்ரீ த்ரோ போடுவதற்கு முன்னால் வளையத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தின் பின்வாசலைப் பார்த்தான். ஒவ்வொரு முறையும். நேற்று முதலில் என் கண்ணில் பட்டது அதுதான், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி கூடைப்பந்து அரையிறுதிக்குப் போனேன். அம்மா மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஆம்பள பசங்க பந்து ஆடறத பாக்க நீ இன்னாத்துக்குடி போற?" என்றாள். "அண்ணன்தான் பாத்து எழுதச் சொல்லிச்சு" என்றேன். உன் பேச்சு வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "சரி, மூஞ்ச கழுவிக்கினு போ. செதிலு ஒட்டிக்கினு கீது."

நீலம் ஜெயித்தது. உன் மஞ்சள் கல்லூரி முந்தின நாளே இறுதிக்கு வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஆடியபோது நடந்த மாதிரியே மறுபடியும் மஞ்சளும் நீலமும்தான். அன்றைக்கு ஆட்டம் முடிந்து வெளியே நடந்த சண்டையில் நீலப் பையன் ரெஹான் சாகாமல் இருந்திருந்தால், நீ இப்போது புழல் ஜெயிலில் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியிருப்பாய். சண்டை நடந்த இடத்தில் நீ இல்லவே இல்லை என்று அம்மா இன்னும் கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். சிரிக்காதே. பத்தாவதை விட்டுவிட்டு மீன் கூடை தூக்க ஆரம்பித்ததிலிருந்து என்னோடு பேச ஆளே இல்லை. அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் மஹ்விஷ். ஏழாம் நம்பர் யாசிர் அவளுடைய அண்ணன். "நீ மஞ்சளா, நீலமா?" என்றாள். மெதுவாக "மஞ்சள்" என்றேன். "பரவால்ல, மூஞ்சில தெரியல" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு போகாமல், பின்வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு உயரமான பையன் தங்கைக்குப் பின்னால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
டயானா

*

புழல்
10 பிப்ரவரி 2025

டயானா பாப்பா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் படுக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். "உன் தங்கச்சிய ரேடியோவுல பேச விடலாம் போலிருக்கேடே" என்கிறார். வாயே திறக்காத பிள்ளை இவ்வளவு பார்க்கிறாயே!

இறுதி ஆட்டத்துக்கும் போ. ஏழாம் நம்பரை நன்றாகக் கவனி. பின்வாசல் என்று எழுதியிருந்தாய். எது? கேன்டீன் பக்கமா, சைக்கிள் ஷெட் பக்கமா? ஸ்கூட்டி என்ன நிறம்? அந்தப் பெண் தனியாகத்தான் வருகிறாளா? அவனோடு நான் எதிரே நின்று ஆடியவன். அந்த ஆசையில் கேட்கிறேன்.

இனிமேல் தபாலில் எதுவும் போடாதே. இங்கே ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுக்கிறார்கள். இதைக்கூட கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தபோது என் கூட்டாளி சேட்டு கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். நீயும் பதிலை அவனிடமே கொடு. ஆட்டத்துக்கு அவனும் வருவான். என்ன கேட்டாலும் சொல்லு, வெட்கப்படாதே.

அம்மாவிடம் சொல், இந்த மாசம் தாண்டினால் நான் வீட்டில் இருப்பேன். வந்ததும் உன்னை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன். முதல் நாள் எனக்கு சுறாப்புட்டு வேண்டும்.

உன் அண்ணன்,
ஜான்சன்

*

மந்தைவெளி
17 பிப்ரவரி 2025

அண்ணா,

ஆட்டத்தை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நேற்று உட்கார இடமில்லை. மேளம், விசில், மஞ்சள் பொடி. மூன்றாவது கால்பாகத்தில் நம் பக்கம் பதினோரு பாயிண்ட் முன்னால் இருந்தது. எல்லாரும் எழுந்து குதித்தார்கள். மூன்று பேர் மட்டும் குதிக்கவில்லை. சேட்டண்ணனும் அவரோடு வந்த, எனக்குத் தெரியாத இரண்டு பேரும். அவர்கள் ஸ்கோர் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மஹ்விஷ் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கடலையைத் தின்னாமல் கையிலேயே நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஆட வேணாம்னு அம்மி அழுதாங்க. எங்க கேக்கறான்?"

"ஏன்?"

"வியாழக்கிழமை இவனுக்கு கோர்ட்டு. ரெஹான யார் குத்தினாங்கன்னு இவன் கண்ணால பாத்திருக்கான். அத சொல்லப் போறான்."

"பயமா இல்லியா?"

"யாருக்கு, இவனுக்கா? தூங்கறப்போகூட லைட்ட அணைக்க விட மாட்டேங்கறான். ஆனா பந்த மட்டும் விட மாட்டானாம். பைத்தியம்!"

அதற்குப் பிறகு யாசிர் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நம் ஆட்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினான். தூரத்தில் நின்று மூன்று பாயிண்ட் போட்டான், மறுபடியும் போட்டான். மஞ்சளுக்காக வந்த நான் மூச்சுவிட மறந்து அவனையே பார்த்தேன். கடைசியில் நம் பக்கம் ஒரே ஒரு பாயிண்ட்தான் முன்னால். நேரம் முடியும் தறுவாயில் அவனைத் தள்ளிவிட்டார்கள். நடுவர் விசில் அடித்தார். அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

அப்போதுதான் சேட்டண்ணன் என் பின்னால் வந்து காதருகே குனிந்தார். "பாப்பா, அந்தப் பையன் எந்தப் பக்கம் வெளிய போவான்? கேன்டீனா, ஷெட்டா?"

"இன்னாத்துக்குண்ணா?"

"சும்மா, ஒரு வார்த்த பேசணும். உங்க அண்ணன் வீட்டுக்கு வரணுமா, வேணாமா?"

அவருடைய வலது கை சட்டைக்கு உள்ளேயே இருந்தது.

யாசிர் பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினான். தலையைத் திருப்பிப் பின்வாசலைப் பார்த்தான். ஓடுவதற்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறான், அண்ணா. அதைத்தான் நான் விவரம் புரியாமல் உனக்கு எழுதினேன். முதல் பந்து விழுந்தது. சமம்.

நீ வீட்டுக்கு வருவதை நினைத்தேன். சுறாப்புட்டை நினைத்தேன். பள்ளிக்கூடத்தையும் நினைத்தேன்.

"முன்னாடி மெயின் கேட்டுதாண்ணா" என்றேன். "இன்னிக்கு கூட்டத்தோடதான் போவான். அவன் தங்கச்சியே சொல்லிச்சு."

மூன்று பேரும் முன்பக்கம் நகர்ந்தார்கள். மேளம் நின்றது. இரண்டாவது பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றி, விழாது என்று எல்லாரும் நினைத்தபோது உள்ளே விழுந்தது. நீலம் ஜெயித்தது.

மஹ்விஷ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் காதில் சொன்னேன்: "நான் ஜான்சனோட தங்கச்சி. முன்னாடி ஆளுங்க நிக்கறாங்க. இப்பவே பின்னாடி கூட்டிக்கினு போயிடு."

என் தோளிலிருந்து கையை எடுத்தாள். ஓடினாள். கோப்பை வாங்கக் கூப்பிட்டபோது ஏழாம் நம்பர் அங்கே இல்லை.

அந்த இடத்தில் நீ இல்லை என்று சொன்னாய். அம்மாவும் நானும் நம்பினோம். இல்லாத உன்னை அவன் எப்படிப் பார்த்திருக்க முடியும், அண்ணா?

இதை மந்தைவெளி தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சேட்டண்ணன் காலையிலிருந்து பின்னாலேயே வருகிறார். இப்போது எதிரே பைக்கில் சாய்ந்துகொண்டு, கடிதத்தைக் கொடு என்று கையை நீட்டிக் காட்டுகிறார்.

அவர் கொண்டுவந்த உன் கடிதத்தையும் இதோடு சேர்த்து மடித்து உறைக்குள் வைக்கிறேன். அங்கே பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று நீதானே எழுதினாய். உன் பெயரை முழுதாக எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போடுகிறேன்.

டயானா