காது மெஷின் கேட்ட வெளிப்பாடு

என்னங்க, நேரில் சொன்னால் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதி வைக்கிறேன். சாப்பாடு மேஜைமேல் இருக்கிறது.

எனக்குக் காது கேட்காததைத் தேவன் வெளிப்படுத்தினார் என்று தீர்க்கதரிசி மேடையில் சொன்னதும் நீங்கள் அழுதீர்கள். என் காதைப் பற்றி நீங்கள் நிரப்பிக் கொடுத்த ஜெபப் படிவத்தைக் கூட்டத்துக்கு முன் உதவியாளர் அவருக்கு வாசித்துக் காட்டியதை, பக்கத்து அறையிலிருந்து காது மெஷின் உபயத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மெஷினைக் கழட்டிட்டு, சுகமாயிடுச்சுன்னு சாட்சி சொல்லும்மா, நாலு பேருக்கு விசுவாசம் வளரும்” என்கிறீர்கள். இயேசுவுக்கு என் பொய் எதற்கு? உங்கள் அழுகை பொய்யில்லை, அதனால்தான் வலிக்கிறது.

இனி நான் நம் பழைய சபைக்குப் போகிறேன்.

பி.கு.: மெஷினுக்கு பேட்டரி வாங்கி வாருங்கள். மேடைக்கு என்னைக் கூப்பிட்டால், அவளுக்குக் காது கேட்காது என்று சொல்லிவிடுங்கள்.