ஆறு பேனாக்கள் மேல் போட்ட பழி

என் அன்புப் பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அடுத்த வரியில் இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். இத்தனை வருஷமாக யோசிக்காமல் எழுதிய வரி, இந்த முறை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பயந்துவிடாதே, யார் உயிருக்கும் ஆபத்து இல்லை, அப்பா வழக்கம்போல் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் பன்னிரண்டு நாளாக என் நிலையில் இல்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் மழை வெயில் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் இதைப் பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து போகாதே.

என் பேனாக் குடும்பம் உனக்குத் தெரியும். நீ போன பிறகு ஏற்பாடு இன்னும் கறாராகிவிட்டது. ஆறு பேனாவிலும் எப்போதும் மை இருக்கும், நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் குளியல். மை ஊற்றிய பேனாவைச் சும்மா போட்டுவைத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும், அதனால் யாருக்கும் முறை தப்பாது. திங்கட்கிழமை பெரியவர், அந்தக் குண்டுக் கறுப்புப் பேனா. மறுநாள் நோஞ்சான். நீ வாங்கி அனுப்பிய தங்க நிப்புக்காரன் சீமான், அவனுக்கு வியாழக்கிழமை. அந்தந்த நாள் பேனாவால் நோட்டில் ஒரு பக்கம், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவேன், மை எப்படி இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. நீ எட்டு வயதில் கட்டிக் கொடுத்த வாக்கியம்தான் இன்னமும், ஒன்பது கொழுத்த முயல்கள் ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துக் கூரையில் ஏறின. எல்லாச் சுழியும் அதில் வந்துவிடுகிறது, அதைவிட நல்லதாக எனக்கு ஒன்று தோன்றவில்லை.

போன வருஷம் நடுவில் சீமான் மக்கர் செய்ய ஆரம்பித்தான். வரியின் தொடக்கத்தில் நன்றாக எழுதுவான், கடைசிக்குப் போகப் போக எழுத்து சுருங்கும். மை கெட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். நீ வேறு மை அனுப்பினாய். பிறகு நோஞ்சான், அவன் பிறவியிலேயே அப்படி என்று விட்டுவிட்டேன். பெரியவரும் சுருங்கியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, அப்பா மேல். மின்சாரக் கணக்கைக் குறிக்க என் பேனாவை எடுத்து, அழுத்தி எழுதி, நிப்பை வளைத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் தொடவில்லை என்று எத்தனையோ தடவை சொன்னார். நான் ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை பாப்பா. பேனா டப்பாவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடமிருந்து பேனாவைப் பூட்டி வைத்தவள் உன் அம்மா. அதோடு விட்டேனா, போன கடிதத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று நீ சொன்னபோது, உனக்குக் கண்ணில் கோளாறு, போய்க் காட்டு என்று அதட்டினேன். நீயும் நல்ல பிள்ளையாகப் போய்க் காட்டினாய், கண்ணில் ஒன்றுமில்லை என்று அந்த டாக்டர் அனுப்பிவிட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பேனா ரிப்பேர்க்காரரிடம் மூன்று முறை போனேன். பைண்டிங் கடை மாடிப்படிக்கு அடியில், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்த்து, நல்லாத்தாம்மா எழுதுதுன்னு திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தொழில் தெரியாவிட்டால் சொல்லிவிடுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், சாட்சிக்கு இருக்கட்டும் என்று நோட்டுகளையும் அவர் முன்னால் போட்டேன். அவர் கோபப்படவில்லை. பதினாலு மாதப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக் கொடுத்து, இதால எழுதுங்கம்மா என்றார். முயல்களை அஞ்சு வரி எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், ஆறு பேனாவும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி கெட்டுப்போகாதும்மா, என் பேனாவும் உங்க கையில அப்படித்தான் எழுதுது, எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, பேனாவ விட்டுத் தள்ளுங்க, கையக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரிடம் என்ன பதில் சொன்னேன், எப்படித் தெருவைக் கடந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன், நம் வீட்டுப் பக்கம் போகும் பஸ் மூன்று வந்து போயிற்று, எழுந்திருக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து எல்லா நோட்டையும் கட்டிலில் பரப்பினேன். முதல் நோட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒன்றரை வரி பிடித்திருக்கிறது, கடைசி நோட்டில் ஒரே வரியில் அடங்கி இரண்டு விரல் இடமும் மிச்சம். ஒரே பேனாவால் தினமும் எழுதியிருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். நான்தான் நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குற்றம் கண்டுபிடித்து, கழுவி, மை மாற்றி, நிப் மாற்றி, பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறேன். எல்லாப் பேனாவுக்கும் பொதுவாக இருந்தது என் கை ஒன்றுதான், அது என் மண்டையில் ஏறவே இல்லை.

நரம்பு டாக்டர் ஒரு இளம் பெண், உன் வயதுதான் இருக்கும். எழுதச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தாள். நடக்கும்போது வலது கை வீசவில்லை என்றாள். பை தூக்கிப் பழகிய கை அப்படித்தான் இருக்கும் என்று வாதாடினேன். பார்க்கின்சன் என்று சொன்னாள், இப்போதுதான் ஆரம்பம், மாத்திரை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, வருஷக்கணக்கில் நன்றாக நடமாடலாம், ஆனால் இது கூடவே இருக்கும் என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே அவள் மேஜையில் இருந்த பந்துமுனைப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், கூட வந்திருந்த அப்பா, நான் உன் பேனாவத் தொடலன்னு இப்பவாவது நம்புறியா என்று கேட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், டாக்ஸி வந்துடுச்சு பாரு என்று பேச்சை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு நான் பேனா டப்பா பக்கமே போகவில்லை, பதினொரு நாளில் நோஞ்சானும் சீமானும் அடைத்துக்கொண்டுவிட்டார்கள். நேற்று காலை எழுந்து பார்த்தால் அப்பா பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கழுவு தொட்டியில் இருவரையும் வெந்நீரில் ஊறப்போட்டிருக்கிறார். வெந்நீர் ஆகாது என்று கத்த வந்தேன், அவர் பத்து விரலும் பனியனும் நீலமாக இருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் மை போடுவதும் முறை பார்ப்பதும் அவர் பொறுப்பாம், எழுதுவது மட்டும் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் பட்டச் சான்றிதழில் பெயர் எழுத என்னை விட்டால் வேறு கை கிடையாது. இன்னும் நாற்பது நாளில் எழுநூறு தாள் என் மேஜைக்கு வரும். பென்சிலால் மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு போட்டு, நடுவில்தான் பெயரை எழுதுவேன், அதனால்தான் இத்தனை நாள் அங்கே யாருக்கும் தெரியவில்லை, கோடு கண்ணில் பட்டால் கை அதைப் பார்த்துப் பெரிதாக எழுதும் என்று டாக்டரும் சொன்னாள். நேற்று மத்தியானம் போன வருஷத்துப் பிரதிகளை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். காலையில் எழுதிய பெயர்கள் மேல்கோட்டைத் தொடுகின்றன. சாயங்காலம் எழுதியவை தொடவில்லை. கண்காணிப்பாளர் அம்மாள் பார்த்துவிட்டு, எங்களுக்கு அழகாத்தானே தெரியுது என்கிறாள். அது எப்படி அழகாகும். ஒரு பிள்ளை நாலு வருஷம் கண் விழித்துப் படித்து வாங்குகிற தாளில் அதன் பெயர் கூனிக் குறுகி நிற்கக் கூடாது. என்னால் முடியாது என்றால் இந்த வாரமே சொல்லி வேறு ஆளைப் பழக்க வேண்டும். முடியும் என்றால், பாப்பா, கடைசி ஒரு முறை எழுத ஆசையாக இருக்கிறது. எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

நீ அழுதுகொண்டு ஓடி வராதே, லீவு வரும்போது வா. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுவதற்கு அப்பா இருக்கிறார், அது போதும். உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும், உடம்பு ஆரோக்கியமாக இருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்று மறக்காமல் செய். இந்தக் கடிதம் முழுவதும் சான்றிதழ் அளவுக்கே கோடு போட்டு எழுதியிருக்கிறேன், பென்சில் கோட்டை வேண்டுமென்றே அழிக்கவில்லை, ஒரே மூச்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதினேன். அப்பாவிடம் காட்டினேன், எல்லாம் கோட்டைத் தொடுது, முதல் பக்கம் மாதிரியேதான் கடைசிப் பக்கமும் இருக்கு என்கிறார். கண்ணாடி போடாமலே சொல்கிறார். நீ ஆய்வுக்கூடத்தில் மயிரிழை அளவு பார்த்துப் பிழைப்பவள், உன் ஸ்கேலை எடுத்து இரண்டு பக்கத்தையும் அளந்து பார். கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணி எண்ணை மட்டும் சொல், ஆறுதல் சொல்லாதே. இந்த வீட்டில் எனக்குப் பொய் சொல்ல ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் வேண்டாம்.

இதையும் சேர்த்து அளந்துகொள்,
உன் அம்மா