பானைக்குள் கிடந்த நலவோலைகள்

வேங்கைமூதூர் அரியணையில் வீற்றிருந்து, தும்பைநாட்டு மலையும் வயலும் கடற்கரையும் ஒருகுடைக்கீழ்க் காத்தருளும் மாதேவி இளவெயினியார் திருமுன்பு, அவர்தம் முதலமைச்சனும் உடன்பிறந்த தமையனுமாகிய ஆதன் எழினி, கல்லாற்றூர்க் கல்விக்கழகத்திலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றம் ஓங்குக, மாரி பொய்யாதிருக்க, குடிகள் பசியறியாதிருக்க. இவ்விடம் யாவரும் நலம் என்று அடுத்து எழுதுவது நம் மரபு. அதை எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. பொறுத்தருள்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தங்கள் நெஞ்சு பதற வேண்டாம்: தங்கள் மகன் சேந்தன் உயிரோடு இருக்கிறான். இதை எழுதும்போது என் அருகில்தான் படுத்திருக்கிறான். மற்றதை அவையில் எவரையும் படிக்கச் சொல்லாமல், தாங்களே தனியே அமர்ந்து படியுங்கள்.

கழகத்து இளையோர் பாடவேளையில் உறங்கி விழுகிறார்கள் என்ற முறையீட்டை விசாரிக்கத் தாங்கள் என்னை ஏவினீர்கள். ஆசிரியர்களின் சோம்பலாக இருக்கும், நாலு அதட்டு அதட்டிவிட்டு மூன்றாம் நாள் திரும்பிவிடலாம் என்று வந்தேன். உச்சிவேளையில் மருமகனின் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை, காவலரைக் கொண்டு நெம்பித் திறந்தேன். ஐயோ, தேவி, என்னவென்று எழுதுவேன்! சாளரங்களைப் போர்வையால் மூடிவிட்டு வெறுந்தரையில் கிடந்தான். பதினாறு வயதுப் பிள்ளை, விலா எலும்பு எண்ணலாம் போல் இளைத்திருந்தான். மூலையில் இருந்த விளக்கெண்ணெய்க் குடுவையை முகர்ந்தேன், கள். அடுத்ததும் கள். சுயநினைவு பாதி இல்லாத அந்நிலையிலும் அவன் விரல்கள் நிழலாடியை விடவில்லை.

கடல்வணிகர் கொண்டுவந்த அந்தக் கருங்கண்ணாடியைத் தாங்கள் அறிவீர்கள். அதில் ஒருவன் முகத்தையும் சொல்லையும் ஏழு நாட்டாரும் காண்பர், பிடித்தால் பூவிடுவர், பிடிக்காவிட்டால் எள்ளுவர். சென்ற ஆண்டு பிறந்தநாளுக்கு அதை அவனுக்குப் பரிசாக அனுப்பியவர் தாங்கள். நல்ல பரிசு என்று மெச்சியவன் நான். சென்ற ஆவணித் திங்கள் சொற்போரில் அவன் நாத்திக்கி நின்றதை எவனோ நிழலாடியில் ஏற்றிவிட்டான். நாடே சிரித்திருக்கிறது. முகமறியாதவரெல்லாம் அவனைப் போலத் திக்கிக் காட்டியிருக்கிறார்கள். இன்னும் எவர் சிரிக்கிறார் என்று பார்க்கவே அவன் உறங்காமல் இருந்திருக்கிறான். பிறகு உறக்கம் வரவேண்டிக் குடித்திருக்கிறான். மற்ற அறைகளையும் திறந்தேன். நூற்று நாற்பது பேர் பயிலும் இடத்தில் அறுபத்துமூன்று பேரிடம் குடுவை இருந்தது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். பௌர்ணமிதோறும் ஒவ்வொரு மாணாக்கனும் தன் நிலையைத் தங்களுக்கு எழுதும் நலவோலைகளை நானே அல்லவா அவையில் படித்தேன்? எல்லாவற்றிலும் நலம் என்றல்லவா இருந்தது? கழகத்து ஓலைகளைப் பார்த்து அனுப்பும் ஓலைநாயகம் கூத்தனை அழைத்துச் சீறினேன். அந்த மனிதர் என்னை நெற்களஞ்சியத்துக்கு அழைத்துப்போய், ஆளுயரப் பானை ஒன்றின் மூடியைத் திறந்தார். உள்ளே முழுக்க ஓலைகள். அரசிக்குச் செல்லும் நலவோலையில் அமங்கலச் சொல் இருக்கலாகாது என்பது விதி. ஆகவே துன்பத்தை எழுதியவனின் ஓலையை அனுப்பாமல் நிறுத்திவைத்து, நலம் என்று அவனையே மறுபடி எழுதவைத்திருக்கிறார். தங்கள் பெயர் பொறித்த ஓலையை எரிப்பதும் குற்றம்; ஆகவே பானை. எந்த மடையன் இயற்றிய விதி என்று கத்தினேன். அவர் தலைகுனிந்தபடி, "ஐயா, உங்க கையெழுத்துல வந்ததுதானுங்களே" என்றார்.

உண்மை. மன்னர் மறைந்த ஆண்டில், தங்கள் காதில் இன்னொரு துயரச் செய்தி விழலாகாது என்று எண்ணி, அவ்விதியை எழுதி அனுப்பியவன் நான். தங்கைக்குச் செய்யும் நன்மை என்றே நினைத்தேன்.

பானையில் சேந்தனின் ஓலைகள் ஏழு இருந்தன. முதலாவதில், உறக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, என்னை அழைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று இருபுறமும் எழுதியிருக்கிறான். ஏழாவதில் ஒரே வரி: காலையில் கண்விழிக்கப் பிடிக்கவில்லை. அதன்பின் பானையில் அவனுடையது ஒன்றும் இல்லை. கடந்த நான்கு பௌர்ணமிகளிலும் எவரும் திருத்தச் சொல்லாமல் அவனே நலம் என்று எழுதிவிட்டான். திங்கள் தவறாமல் பிள்ளை நலமாக இருக்கிறான் என்று தாங்கள் அவையோர்க்கெல்லாம் இனிப்பு வழங்கினீர்கள். நானும் தின்றேன்.

வெறிகொண்டு அவன் ஆடியை உடைக்கப் போனேன். இவ்வூர் மருத்துவர் பொன்முடியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடுங்குவதும் அடிப்பதும் உதவா. கள்ளைத் தம் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்த வேண்டும். அவனைத் தனியே விடலாகாது. அவன் பேசும்போது குறுக்கிடாமல் கேட்க ஒருவர் வேண்டும் என்றார். ஆகவே நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை வயதில் இப்போதுதான் அதைப் பழகுகிறேன். அவன் சொன்ன ஒன்றை மெருகேற்றாமல் எழுதுகிறேன்: "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்." சொல்லியே தீருவேன் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்போ அம்மா வருவாங்களா, இல்ல ஓலைதான் வருமா?" என்று கேட்டான்.

தாங்கள் தந்த அதிகாரத்தால் இன்று ஆணையிட்டவை இவை. அந்த விதி இந்த நாழிகை முதல் செல்லாது. கூத்தனுக்குத் தண்டனை இல்லை. தண்டிக்கத் தக்கவன் நான், அதைத் தங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன். பானையிலிருந்த ஓலைகள் யாவும் அந்தந்தப் பெற்றோர் கைக்குக் குதிரைவீரர் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. சேந்தனின் ஏழும் இதனோடு கட்டப்பட்டுள்ளன.

இது முதலமைச்சன் இலச்சினையிட்டு, ஆடித்திங்கள் ஒன்பதாம் நாள், கல்லாற்றூரில் எழுதி முடித்த ஓலை. முத்திரைக்குக் கீழே வருவது அமைச்சன் சொல் அன்று, தமையன் கட்டளை. இளவெயினி, மறுவோலை எழுதாதே. பல்லக்குக்கும் பரிவாரத்துக்கும் காத்திராதே. புறப்பட்டு வா.