காலி நாற்காலியிடம் நீ பேசியது

இன்று காலை மல்காஜ்கிரி சந்தையில் பிள்ளையார் பூஜைக்கான இருபத்தொரு இலைக்கட்டு வாங்கினேன். உள்ளே ஊமத்தை இலை கசங்கியிருந்தது. அந்தக் குமட்டும் வாசனை பட்டதும் உன் ஞாபகம். நீ இறந்து எட்டு மாதமாகிறது.

ஏழு வருடத்துக்கு முன்னால், அன்றும் சதுர்த்திக்கு முந்தைய நாள். கீரையையும் பூஜை இலையையும் ஒரே பையில் வைத்துவிட்டு உன் மனைவி வேலைக்குப் போயிருந்தார். நரம்பு ஏற்பிகளைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிற நீ, எல்லாவற்றையும் சேர்த்து நறுக்கிப் பருப்பில் போட்டுத் தின்றாய்.

மாலையில் அவர் போன் செய்தார். “அண்ணா, ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், நீங்களும் வாங்க. யார்கிட்டயோ பேசிட்டிருக்காரு. அங்க யாருமே இல்ல.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பு. வெறும் விரலை உதட்டில் வைத்து இழுத்து, இல்லாத சாம்பலைத் தட்டினாய். காளான் தின்றவனுக்குக் காண்பது மாயம் என்று பெரும்பாலும் தெரியும், ஊமத்தை தின்றவனுக்குத் தெரியாது என்று நீதான் சொல்வாய். அந்த நஞ்சு ஏற்பியில் போய் அமர்ந்துகொள்ளும், அதை இயக்காது. நரம்பு அனுப்பிய அசிட்டைல்கோலினுக்கு இடம் கிடைக்காது. “சீட்ல ஆள் இருக்கும், வேலை நடக்காது. நம்ம டிபார்ட்மென்ட் மாதிரி.”

ஜன்னலோரம் இருந்த காலி நாற்காலியை, என்னைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

“கோவமாடா? அந்தக் கட்டுரையில உன் பேர நான்தான் எடுத்தேன். இருந்திருந்தா புரொபசர் வேலை உனக்குத்தான். பயந்துட்டேன்டா. மன்னிச்சிரு.”

பன்னிரண்டு வருடமாக நீ மறுத்துவந்தது. உன் தோளைத் தொட்டேன். “நான் இங்க இருக்கேன்டா.”

நீ திரும்பி, அயலாரிடம் பேசும் இந்தியில், “ஏக் மினிட் டெஹரோ சாப்” என்றாய். ஒரு நிமிடம் நிற்க வேண்டுமாம், நான்.

மறுபடி நாற்காலியைப் பார்த்தாய். அது சொல்வதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாய். முகம் அழுதது, கண்ணீர் வரவில்லை. அதையும் நஞ்சு வற்றவைத்திருந்தது. பிறகு, “தேங்க்ஸ்டா” என்று சிரித்தாய். அப்படி நிம்மதியாக நீ சிரித்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தெளிந்தாய். எதுவும் நினைவில்லை. “ஏதாச்சும் உளறினேனா?”

“ஒண்ணுமில்ல” என்றேன். தெளிந்த புத்தியோடு நீ சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். ஆறு வருடம் சேர்ந்து டீ குடித்தோம். நீ சொல்லவில்லை.

உன்மேல் இருந்த கோபம் இப்போது ஆறிவருகிறது. அவன்மேல் உள்ளதுதான் ஆறவில்லை. என் முகத்தோடு வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உன்னை மன்னித்துவிட்டுப் போனானே, அவன்மேல்.