சோபா அவருடையது, துணி என்னுடையது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முதுகைத் தவிர. நீ கேட்டதற்கு போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பாதியில் அழுதுவிடுவாய், நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். காகிதம் அழாது. அதனால் கடிதம்.

கடையை மூடிவிட்டு அத்தானின் கிடங்கில் மேற்பார்வைக்கு வா, மாதம் பிறந்தால் சம்பளம் என்கிறாய். தப்பில்லை. கடை நிலைமை அப்படித்தான் இருக்கிறது. குஷன் கடை என்று பலகை தொங்குகிறது. உள்ளே பார்த்தால் சோபாக்களின் அனாதை இல்லம். தைக்கக் கொடுத்தவர்கள் எடுக்க வருவதில்லை. ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள்; சோபா யாருக்கு என்று முடிவாகிறவரை அதற்கு இங்கேதான் வாசம். நடுவில் நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறேன். இத்தனை சோபா இருந்தும் உங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்தானே என்கிறாள் என் வீட்டுக்காரி. அவள் வாய் உனக்குத் தெரியாததா?

இவர்களுக்கெல்லாம் தலைவர் ஒரு காண்ட்ராக்டர். எப்போது காசு கேட்டாலும் நாளைக்கு என்பார். தெருவில் அவருக்குப் பெயரே ‘நாளைக்கு’தான். பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று கேட்காதே. அவருடைய சோபா வந்த லட்சணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்த்து போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தது. துணி முழுக்க அவர் வீட்டுப் பூனையின் வீர வரலாறு. பச்சை வெல்வெட்தான் வேண்டும் என்றார். அட்வான்ஸ் கேட்டேன். நாம என்ன அப்படியா பழகியிருக்கோம் என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு கைக்காசைப் போட்டு வெல்வெட்டும் ஸ்பாஞ்சும் வாங்கினேன். வேலை முடிந்தது. அதற்கப்புறம் அவருக்கு என் போன் நம்பர் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

போன வாரம் திடீரென்று வண்டியும் ஆளுமாக வந்து இறங்கினார். காசு? நாளைக்கு. அப்படின்னா சோபாவும் நாளைக்குத்தாங்க என்றேன். வந்ததே கோபம். என் சோபாவை நீ எப்படிய்யா பிடிச்சு வைக்கலாம், திருட்டுக் கேஸ் குடுப்பேன் என்று தெருவே கேட்கக் கத்தினார். எதிர் மளிகைக்கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை அக்கா, புத்தி வந்தது. அபூர்வம்தான். சோபா உங்களோடதுதாங்க, யார் இல்லேன்னா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, உங்களோடதை உங்ககிட்டயே குடுத்துடறேன் என்று அனுப்பி வைத்தேன்.

பிரித்த பழைய துணியை நான் எறிவதில்லை. அதை விரித்து வைத்துத்தான் புதுத்துணி வெட்டுவேன். பொருள் வீடு போய்ச் சேருகிறவரை சுருட்டி வைத்திருப்பேன். அதை எடுத்தேன். வெல்வெட்டை உரித்தேன். என் ஸ்பாஞ்சை உருவினேன். ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டிய கயிறும் என்னுடையதுதானே, அறுத்தேன். பூனை கிழித்த துணியைப் போர்த்தி, பழைய ஓட்டையிலேயே ஆணி அடித்தேன். ஸ்பிரிங் தனக்குப் பழகின கிழிசல் வழியாகத் தலையை நீட்டியது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. அதற்கும் கூலி கிடையாது.

திரும்பி வந்தவர், என்னய்யா இது என்றார். உங்க சோபாங்க, நீங்க குடுத்த மாதிரியே இருக்கு, சந்தேகம்னா பூனையைக் கூட்டிட்டு வாங்க, அது அடையாளம் சொல்லும் என்றேன். மளிகைக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று கையில் வந்துவிட்டது. வண்டியில் ஏற்றும்போது ஸ்பிரிங் ஒரு ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எனக்கு அதன் மேல் மரியாதையே வந்தது.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். எங்களோடதை உரிச்சிடலையே என்று துணியைத் தடவிப் பார்த்து, காசை வைத்து எடுத்துப் போனார்கள். மற்றதெல்லாம் அப்படியேதான் கிடக்கிறது. வாடகையும் பாதி பாக்கி. ஆனாலும் இப்போது நேராக நடக்கிறேன் அக்கா. கூலிக்குத் தைக்கிறதைவிட வீம்புக்குப் பிரிக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வருது என்றாள் வீட்டுக்காரி. ஆனால் அதை ஒரு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

அதனால் நான் வரவில்லை. அத்தான் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த வேலைக்கு ஒரே இடத்தில் உட்காரத் தெரிந்த ஆள் வேண்டும். எனக்குப் பிறரை உட்கார வைக்கத்தான் தெரியும்.

இன்னொன்று. கடை மூலையில் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. கொடுத்தவள், ஊரை விட்டுக் கிளம்பும்போது, தைச்சு வைடா, அடுத்த தடவை வர்றப்ப எடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையிலேயே பழைய பாக்கி அதுதான். அந்தப் பச்சை வெல்வெட்டை அதற்குப் போட்டுவிட்டேன். கூலி வேண்டாம். ஆள் அனுப்பினால் தரமாட்டேன். உடையவளே நேரில் வந்து, உட்கார்ந்து பார்த்துத்தான் எடுத்துப் போக வேண்டும்.

கடையை மூடிவிட்டால் நீ எங்கே வந்து கேட்பாய், அக்கா?

வழி பார்த்திருக்கும்,
உன் தம்பி