இரண்டு கையிலும் பட்டை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் மகள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவள் உயிருக்கு ஒன்றும் இல்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி. போனில் சொல்லியிருக்கலாம். நீ அழுவாய், நான் கத்துவேன், வாண்டு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அவளுக்கு ஆறாம் நிலைக்கு ஏறும் தேர்வு. அந்த ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் வயதைப் பார்த்து ஏற்ற மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு நிலையின் வித்தைகளை எல்லாம் பயிற்சியாளர் முன்னால் செய்து காட்டினால்தான் அடுத்த நிலை. நான்காம் நிலைக்கு வந்தவர்கள் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்ளலாம். மூட்டுக்குத் தாங்கலாக இருக்கட்டும் என்று கொடுப்பது அது. பிள்ளைகளுக்கோ அதில்தான் பெருமை எல்லாம். நம் வாண்டு பள்ளிக்கூடத்துக்கும் அதோடுதான் போவாள். குளிக்கும்போதாவது கழற்றுவாளா, இல்லை அதற்கும் தனியாகப் பரீட்சை உண்டா என்று உன் அத்தான் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்தேன். பழையது நைந்துபோனதும் புதுப் பட்டை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

ஒல்லிக் கட்டை மேல் நடப்பதை அழகாக முடித்தாள். அடுத்து ஓடிவந்து, மேசை மாதிரி இருக்கும் அதில் இரண்டு கையையும் ஊன்றித் தாண்ட வேண்டும். ஓடி வந்தாள். கையை ஊன்றினாள். வலது கை அப்படியே மடிந்துபோய், மெத்தையில் முகம் குப்புற விழுந்தாள். அழவே இல்லை. பயிற்சியாளர் ஓடிவந்து பட்டையை அவிழ்த்தார். உள்ளே கை வீங்கிக் கறுத்துக் கிடந்தது. அந்த மனுஷிக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு வளர்கிற இடமே பல மாதமாக நசுங்கிக்கொண்டிருக்கிறது என்றார். "இந்தக் கையில எப்படிம்மா இவ்ளோ நாள் நின்னா, வீட்ல யாரும் பாக்கலயா" என்று என்னைக் கேட்டார். தினமும் அந்தக் கைக்குச் சோறு போட்டவள் நான்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவளே சொன்னாள். வலி வலது கையில் மட்டும்தானாம். ஒரு கையில் மட்டும் கட்டினால் யாராவது ஏன் என்று கேட்பார்களாம், அதனால் இடதிலும் கட்டிக்கொண்டாளாம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்றேன். "ஆறுக்கு வந்துட்டா லீவு போட்டு வந்து பாக்குறேன்னு அம்மா சொன்னாங்கல்ல பெரியம்மா" என்றாள். நீ போனில் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளையை உற்சாகப்படுத்த ஒரு பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓட்டல் சலவைக்கூடத்தில் உனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று எனக்குத் தெரியாதா.

கை ஆறும்வரை ஊன்றவே கூடாது என்று உத்தரவு. பயிற்சியாளர் அவளை அணியிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாம் நிலைப் பிள்ளைகளோடு நின்று கால் வேலைகளை மட்டும் செய்யட்டும் என்றார். அந்தப் பொடிசுகள் வரிசையில் இவள் மட்டும் ஒரு தலை உயரமாக, கட்டுப் போட்ட கையோடு நிற்கிறாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் முகத்தைச் சுளிக்காமல் காலை நீட்டுகிறாள்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. நேற்று அவளுக்குத் தலை வாரும்போது, திரும்பாமலே, "மூணுக்கெல்லாம் வந்து பாக்க மாட்டாங்கல்ல" என்று கேட்டாள். பாக்காம என்ன என்று சொல்லிவிட்டு, சடையைப் பின்னாமல் அப்படியே நின்றேன்.

இனி அவள் எந்த நிலைக்கு வருகிறாள் என்று பார்க்க வேண்டாம் தங்கச்சி. உன் மேற்பார்வையாளரோடு சண்டை போட்டாவது, கெஞ்சியாவது வா. வந்து, அந்தப் பயிற்சிக் கூடத்துப் பலகையில் உட்கார்ந்து, உன் மகள் பொடிசுகளோடு காலை நீட்டுவதை ஒரு முறை பார். நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் அக்கா