பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கையில் இன்னும் எஞ்சின் ஒயில் வாசம். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் கையிலும் எப்போதும் இதே வாசம்தான்.

உன் வேன் கராஜில் நிற்கிறது. காலையில் குண்டசாலைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏற்றத்தில் வேன் இழுக்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை. கராஜ் நானா ஒயில் கம்பியை உருவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஒயிலா, பால் தேத்தண்ணியா? சீனி போட்டாக் குடிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டதாம். எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர், டீசல் எரிகிற இடத்துக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் கசிந்திருக்கிறதாம். "எத்தின நாளாத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்திலிருந்து ரேடியேட்டரில் ஊற்றுகிறேன். முதலில் ஒரு தம்ளர், பிறகு ஒரு போத்தல்.

கடுகண்ணாவை ஏற்றம் ஞாபகமிருக்கிறதா? கொலேஜ் முடித்த வருஷம், இந்த வேனை வாங்கிய கையோடு என்னையும் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வந்தாய். பாதி வழியில் ஆவி கிளம்பியது. நான் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போக, என் கையில் பட்டென்று ஓர் அடி. "மூஞ்சி வெந்துடும்டி. ஆறட்டும், நீயும் கொஞ்சம் ஆறு." மற்ற வண்டிக்காரர்கள் பாதையோரப் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டு போனார்கள். நீ மட்டும் வேனுக்கடியில் படுத்துக் கசிவைத் தேடினாய். "தண்ணி குறையுதுன்னா எங்கயோ போகுது. ஊத்துறதுக்கு முந்தி அதத் தேடு."

நீ இருந்த கடைசி வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வேனைத்தான் முதலில் விசாரித்தாய்.

"தண்ணி குடிக்குதாடி?"

"இல்லடி. நல்லா ஓடுது."

உனக்கு எதற்கு அந்தக் கவலையும் என்று நினைத்தேன். நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே பதினொரு பிள்ளைகளையும் என் பாப்பாவையும் தினமும் ஏற்றியிருக்கிறேன். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றிருந்தால்? அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருக்கிறது.

நாளைக்கு வேன் வராது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. "முந்தியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் ஒரு பிள்ளையின் அம்மா.

மூடி திறக்க நீ நனைத்துப் போடும் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. இனி தேடாமல் ஊற்ற மாட்டேன். ஆனால் ஒன்று தெரிய வேண்டும். அன்று நான் சொன்னதை நீ நம்பினாயா? அன்று காலையில் ரேடியேட்டர் ஆவி பட்டுச் சிவந்திருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாயே.

சீக்கிரம் பதில் போடு.